இரண்டாயிரம் வயது வெள்ளிக்காசு என்ன விலை போகும்?

பழையது என்றாலே லட்சமா?

டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டுக்கு லட்சம் தருகிறார்களாம், வைஷ்ணவி தேவி படம் போட்ட காசுக்கு இன்னும் கூடுதலாம். இப்படி ஒரு செய்தி உங்கள் கைபேசிக்கும் வந்திருக்கும். அதைப் படித்தவுடன் மனம் ஒரு கணக்குப் போடும். முப்பது வருஷத்துக் காசுக்கே லட்சம் என்றால், இரண்டாயிரம் வருஷத்துக் காசுக்கு எத்தனை கோடி?

உண்மை விலையைக் கேட்டால் பலருக்கு நம்பிக்கை வராது. ரோமானியப் பேரரசின் வெள்ளிக் காசுகளில் மலிவானவை, உதாரணமாக மூன்றாம் நூற்றாண்டில் ஆண்ட மூன்றாம் கோர்டியன் என்ற இளம் பேரரசனின் காசு, வெளிநாட்டு நாணயச் சந்தையில் சில பத்து டாலருக்கே கிடைக்கும். நம் பணத்தில் சில ஆயிரம் ரூபாய். அதைவிட இருநூறு ஆண்டு மூத்த திபேரியஸ் காசு தேய்ந்த நிலையில் சில நூறு டாலர், அதாவது ஓரளவு நல்ல கைபேசி ஒன்றின் விலை.

இந்த அத்தியாயத்தில் அந்தத் திபேரியஸ் காசு ஒன்றைத்தான் எடுத்துப் பார்க்கப் போகிறோம். காரணம் உண்டு. தமிழ்நாட்டு மண்ணுக்குள் கிடைக்கும் ரோம வெள்ளியில் ஆகப் பெரும்பகுதி இரண்டே பேருடையது. ஒருவர் அகஸ்டஸ், மற்றவர் அவருக்குப் பின் கி.பி. 14 முதல் 37 வரை ஆண்ட திபேரியஸ். கடலூர் முதுநகரில் ஒரு வீட்டுப் பரணில், தாத்தாவின் தகரப் பெட்டியில், கறுத்துப்போன வட்டமான வெள்ளித் துண்டு ஒன்று இருந்ததாக வைத்துக்கொள்வோம். அது ரோமக் காசுதானா, யாருடையது, அசலா, என்ன விலை பெறும்? வரிசையாகப் பார்ப்போம்.

பூவா தலையா

முதல் வேலை, அதைத் தேய்க்காமல் இருப்பது. வெள்ளி விளக்கைத் திருநீறு போட்டுத் துலக்குவது நம் வீட்டு வழக்கம். சிலர் புளி, எலுமிச்சை, பல்பொடி என்று போவார்கள். விளக்குக்கு அது பரவாயில்லை. இந்தக் காசுக்கு அது கொலை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். இப்போதைக்கு வெறும் தண்ணீரில் நனைத்து, தேய்க்காமல் ஒற்றி எடுத்து, சன்னலோரம் சாய்வான வெளிச்சத்தில் வைத்து ஒரு பூதக்கண்ணாடியால் பார்த்தால் போதும்.

காசு சுமார் 18 மில்லிமீட்டர் குறுக்களவு. முழு வட்டமாக இருக்காது. ஓரத்தில் இன்றைய காசுகளுக்கு இருப்பது போன்ற வரிக்கோடுகள் கிடையாது. கீழ் அச்சின் மேல் வெள்ளி வில்லையை வைத்து, மேல் அச்சைப் பிடித்துச் சுத்தியலால் ஓங்கி அடித்து உருவாக்கிய காசு இது. அடி சற்று விலகினால் படமும் விலகும். அதனால் ஒரு பக்கம் எழுத்துகள் ஓரத்துக்கு வெளியே போயிருந்தால் சந்தேகப்பட வேண்டாம். 

தலைப் பக்கத்தில் வலப்புறம் பார்க்கும் ஓர் ஆண் முகம். தலையில் இலைமாலை, அதன் நாடா முடிச்சு பிடரியில் தொங்கும். முகத்தைச் சுற்றி எழுத்து. பள்ளிக்கூட ஆங்கிலம் தெரிந்தவர்கள்கூட இங்கே தடுமாறுவார்கள். சொற்களுக்கு நடுவே இடைவெளி பெரும்பாலும் இருக்காது, ‘யூ’ வர வேண்டிய இடத்தில் ‘வி’ வடிவமே இருக்கும், பாதிச் சொற்கள் சுருக்கம். முழுவதும் விரித்தால் பொருள் இது: திபேரியஸ் சீசர், தெய்வமாகிய அகஸ்டஸின் மகன், அகஸ்டஸ்.

முழுக்கப் படிக்க முடியாவிட்டாலும் பூப் பக்கம் காட்டிக்கொடுத்துவிடும். நாற்காலியில் ஒரு பெண் வலப்புறம் பார்த்து உட்கார்ந்திருப்பாள். ஒரு கையில் நீண்ட கோல், மறு கையில் சிறு கிளை. சுற்றிலும் ‘பொன்டிஃப் மாக்சிம்’ என்ற இரண்டே சொற்கள், தலைமைக் குரு என்ற பட்டத்தின் சுருக்கம். அந்தப் பெண் திபேரியஸின் தாய் லிவியா என்பது பலரின் கருத்து. அமைதித் தேவதை என்பாரும் உண்டு.

பூப் பக்கத்தில் ஒரு பெண்ணுக்குப் பதில் இரண்டு ஆண்கள் நின்று, நடுவே கேடயங்களும் ஈட்டிகளும் இருந்தால் அது அகஸ்டஸ் காசு. அந்த இருவரும் அவர் சுவீகாரம் எடுத்த பேரன்கள் கேயஸ், லூசியஸ். இருவருமே அவருக்கு முன்பே இளவயதில் இறந்துபோனார்கள். ஒருத்தி உட்கார்ந்திருந்தால் திபேரியஸ், இருவர் நின்றால் அகஸ்டஸ். தமிழ்நாட்டில் கிடைக்கும் ரோம வெள்ளியில் பெரும்பகுதியை இந்த ஒரு விதியாலேயே அடையாளம் சொல்லிவிடலாம்.

இன்னொன்றும் நேரலாம். முகம் ரோம முகம் போலவே இருக்கும், ஆனால் எழுத்துகள் எழுத்தாகவே இருக்காது. குச்சிகள், வட்டங்கள், தலைகீழான வளைவுகள். லத்தீன் தெரியாத யாரோ படத்தைப் பார்த்து அச்சு வெட்டியிருக்கிறார். இத்தகைய போலச்செய்த காசுகள் இந்தியாவிலேயே பழங்காலத்தில் அடிக்கப்பட்டவை. ரோமக் காசு இல்லை என்று தூக்கிப்போட்டுவிடாதீர்கள். ரோமக் காசின் மீது அன்றைய சந்தைக்கு எவ்வளவு நம்பிக்கை இருந்தது என்பதற்கு அசலைவிட இதுவே நேரடிச் சான்று.

தராசும் ஒரு தம்ளர் தண்ணீரும்

அடுத்து எடை. சிதம்பரம் கடைவீதியில் எந்த நகைக் கடையிலும் கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் மின்தராசு உண்டு. இந்த ரோம வெள்ளிக்காசுக்குத் தெனாரியஸ் என்று பெயர். அகஸ்டஸ் காலத்தில் ஒரு ரோம ராத்தல் வெள்ளியில் 84 தெனாரியஸ் அடித்தார்கள். ராத்தல் ஏறத்தாழ 327 கிராம். ஆக ஒரு காசு புதிதாக 3.9 கிராம் அளவுக்கு வரும். கைமாறித் தேய்ந்தால் 3.6, 3.7. நம் காசு 3.65 காட்டுவதாக வைத்துக்கொள்வோம். பொருந்துகிறது.

எடை பொருந்தினால் மட்டும் வெள்ளியாகிவிடாது. இங்கேதான் ஆர்க்கிமிடீஸ் உதவிக்கு வருகிறார். தராசின் மேல் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்துக் கணக்கைச் சுழியம் ஆக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுதாக மூழ்கும்படி தொங்கவிடுங்கள். அடியிலோ பக்கத்திலோ படக்கூடாது. நூலைக் கையில்தான் பிடித்திருக்கிறோம், ஆனாலும் தராசு ஓர் எண்ணைக் காட்டும். அது காசு ஒதுக்கித் தள்ளிய தண்ணீரின் எடை. நம் காசுக்கு 0.35 கிராம் வருகிறது என்று கொள்வோம். 3.65ஐ 0.35ஆல் வகுத்தால் 10.4. இதுதான் அடர்த்தி, அதாவது அதே அளவு தண்ணீரைப் போல எத்தனை மடங்கு கனம் என்ற எண். தூய வெள்ளிக்கு 10.5. செம்புக்கு 9க்குச் சற்றுக் குறைவு. பித்தளைக்கு எட்டரை. வெள்ளீயத்துக்கு 7.3.

ஆக நம் காசு நல்ல வெள்ளி. ஆனால் தராசின் கடைசி இலக்கம் சற்று ஆடினாலே விடை 10.3க்கும் 10.6க்கும் நடுவே நகரும் என்பதை மறக்கக்கூடாது. பத்து முறை நூலில் இறக்கிச் சராசரி எடுப்பது நல்லது. காசின் மேல் ஒட்டிய காற்றுக் குமிழி ஒன்றே கணக்கைக் கெடுக்கும்.

விடை 9.3, 9.5 என்று வந்தால்? ரோமர் காலத்திலேயே கள்ளக்காசு இருந்தது. உள்ளே செம்பு, வெளியே மெல்லிய வெள்ளித் தகடு. இதைப் போர்வைக் காசு என்று அழைக்கலாம். போர்வை கிழிந்த இடத்தில் பச்சைக் களிம்பு தெரியும். அகஸ்டஸின் பேரன்கள் காசிலும் திபேரியஸ் காசிலும் போர்வைக் காசுகள் நிறையவே உண்டு.

கேரட் மீட்டர் சொல்வதும் சொல்லாததும்

நகைக் கடைகளில் இப்போது கேரட் மீட்டர் என்ற கருவி வந்துவிட்டது. எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, உலோகம் திருப்பி வீசும் கதிரிலிருந்து எந்தத் தனிமம் எவ்வளவு என்று சொல்லும். காசைக் கீறாமல் சோதிக்கலாம், உரைகல்லில் உரசுவதைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனால் அது மேற்பரப்பை மட்டுமே பார்க்கிறது. மண்ணுக்குள் கிடந்த காசின் மேல்பரப்பிலிருந்து செம்பு கரைந்து வெளியேறிவிடும், வெள்ளி மட்டும் மிஞ்சும். எனவே கருவி காட்டும் தூய்மை உள்ளே இருப்பதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

கருவியின் உண்மையான பயன் வேறு இடத்தில். பழங்கால வெள்ளி ஈயத் தாதுவிலிருந்து வந்தது. ஈயத்தை எரித்து வெள்ளியைப் பிரித்தார்கள். இந்த முறையில் சிறிதளவு தங்கமும் சிறிதளவு ஈயமும் வெள்ளியிலேயே தங்கிவிடும். இன்றைய வெள்ளி மின்பகுப்பில் சுத்திகரிக்கப்படுகிறது, தங்கம் அநேகமாக முழுவதும் பிரிந்துவிடும். அச்சு அசலாகப் பழைய காசு போலவே இருந்து, அதில் தங்கத்தின் சுவடே இல்லையென்றால், அது நேற்றைய வெள்ளி.

வார்த்துச் செய்த போலிகளுக்குக் கண்ணே போதும். பூதக்கண்ணாடியில் ஊசி முனை அளவு குழிகள் தெரியும், அச்சின் இரு பாதிகள் சேர்ந்த கோடு ஓரத்தில் ஓடும், எழுத்தின் விளிம்புகள் உருகியது போல மழுங்கியிருக்கும்.

இப்போது தேய்க்கக் கூடாது என்பதற்கான காரணம். நூற்றாண்டுகளாக மண்ணில் கிடக்கும் வெள்ளியில், அதில் கலந்திருந்த சொற்பச் செம்பு மெல்ல நகர்ந்து உள்ளிருக்கும் நுண்ணிய மணிகளின் எல்லையில் போய்ச் சேர்கிறது. அந்த எல்லைகள் வழியே காசு நொறுங்குந்தன்மை பெறுகிறது. கீழே விழுந்தால் வெள்ளி போல் வளையாது, உடையும். வெளியே கந்தகம் பட்டுக் கறுப்பு ஏறுகிறது. உப்பங்கழி சூழ்ந்த கடலூர்க் கரையின் உப்பு மண்ணில் என்றால் குளோரைடு சேர்ந்து சாம்பல் நிறத் தோல் ஒன்று உருவாகிறது. எழுத்தின் கூர்மை பல நேரம் அந்தத் தோலில்தான் மிஞ்சியிருக்கும். புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கும், ஆனால் திபேரியஸின் மூக்கும் பெயரும் தண்ணீரோடு போய்விடும்.

இத்தனை காசு ஏன் மிஞ்சியது?

திபேரியஸ் தம் ஆட்சியின் பெரும்பகுதியில் இந்த உட்கார்ந்த பெண் படத்தை மாற்றவே இல்லை. இன்றைய பிரான்சின் லியோன் நகரத்து நாணயச் சாலையில் ஏராளமாக அடித்தார்கள். காரணம் படை. ஒரு ரோமச் சிப்பாயின் ஆண்டுச் சம்பளம் 225 தெனாரியஸ். ஒரு காசு அவனுக்கு ஒன்றரை நாளுக்குச் சற்று மேற்பட்ட கூலி. அதே நூற்றாண்டு ரோமில் ஒரு ராத்தல் கருமிளகு 4 தெனாரியஸ் என்று எழுத்தாளர் பிளினி எழுதி வைத்திருக்கிறார். நம் கையிலுள்ள காசு அன்றைக்குச் சுமார் 80 கிராம் மிளகு. அதே 80 கிராமை இன்றைக்குச் சிதம்பரம் மளிகைக் கடையில் நூறு ரூபாய்க்குள் வாங்கிவிடலாம்.

மிளகு, முத்து, துணி, பச்சைக் கல் ஆகியவற்றுக்காக இந்தியாவுக்கு ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் போகிறது என்று புலம்பியவரும் பிளினிதான். நான்கு செஸ்டர்ஸ் ஒரு தெனாரியஸ். உடுமலை அருகே பூதிநத்தத்தில் கிடைத்த புதையலில் ஏறத்தாழ 1,400 வெள்ளிக்காசுகள், அக்கன்பள்ளியில் (இன்றைய தெலங்கானா) 1,531. இரண்டிலும் அகஸ்டஸும் திபேரியஸும்தான் ஆட்சி செய்கிறார்கள்.

ஏன் பிற்காலப் பேரரசர்களின் வெள்ளி இவ்வளவு வரவில்லை? கி.பி. 64இல் நீரோ ராத்தலுக்கு 96 காசு என்று எடையைக் குறைத்தார், வெள்ளியின் தூய்மையையும் குறைத்தார். நம் வணிகர்கள் எடையும் தூய்மையும் பார்த்துப் பழைய காசையே கேட்டு வாங்கினார்கள் என்பது ஒரு விளக்கம். அந்தச் சமயம் வாணிகமே வெள்ளியிலிருந்து தங்கத்துக்கு மாறிவிட்டது என்பது இன்னொன்று. எனக்கு முதல் விளக்கமே மனதுக்கு நெருக்கமாக இருக்கிறது. தூய்மையை உரசிப் பார்த்து விலை சொல்வது இந்த மண்ணின் பத்தர்களுக்கு இன்றும் கைவந்த கலை.

சந்தை எதற்குக் காசு கொடுக்கிறது

இப்போது விலை. வயதுக்கு அதில் பங்கு மிகக் குறைவு. எத்தனை மிஞ்சியிருக்கிறது, எத்தனை பேர் கேட்கிறார்கள் என்ற இரண்டும்தான் பேசும். திபேரியஸ் காசு ஏராளம் மிஞ்சியிருக்கிறது. அதனால் மலிவாக இருக்க வேண்டும். ஆனாலும் அதே அளவு கிடைக்கும் வேறு ரோமக் காசுகளைவிட இதற்கு விலை அதிகம். காரணம், இயேசுவிடம் வரி கொடுக்கலாமா என்று கேட்டவர்கள் காட்டிய காசு இதுவாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை. உலகெங்கும் கிறிஸ்தவக் குடும்பங்கள் ஒன்றாவது வைத்துக்கொள்ள விரும்புகின்றன.

அடுத்து நிலை. முகம் தெளிவா, எழுத்து முழுசா, படம் நடுவில் விழுந்ததா? ஒரே அச்சில் பிறந்த இரண்டு காசுகளில் ஒன்று மற்றதைப் போல ஐந்து மடங்கு விலை போவது சாதாரணம். கீறலோ துளையோ இருந்தால் சட்டென்று இறங்கும். தாலியிலும் கழுத்தணியிலும் கோக்கத் துளையிட்ட ரோமக் காசுகள் இந்தியாவில் நிறைய உண்டு.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். புதுக்கோட்டையில் 1898இல் 501 ரோமப் பொற்காசுகள் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டிய ஆழமான தழும்பு. அக்கன்பள்ளி வெள்ளிக்காசுகளிலும் சிறு வெட்டுகள் உண்டு. உள்ளே செம்பு இருக்கிறதா என்று சோதித்த வெட்டு என்பார்கள். இனி இது நாணயமாகச் செல்லாது, வெறும் உலோகம் என்று அறிவிக்கும் வெட்டு என்றும் சொல்வார்கள். சேகரிப்பாளர்களின் விலைப்பட்டியலில் இந்தத் தழும்பு ஒரு குறை. ஆனால் காசின் இருபதாம் ஆண்டிலோ ஐம்பதாம் ஆண்டிலோ ஒரு தமிழ்க் கை அதைத் தொட்டு முடிவெடுத்தது என்பதற்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்? விலையைக் குறைக்கும் இந்த வெட்டுதான் என்னைப் பொறுத்தவரை காசின் மிக மதிப்புள்ள பகுதி.

சட்டம் போடும் கணக்கு

பரணில் கிடைத்த தாத்தா காசு ஒரு கதை. வீடு கட்டக் கடைக்கால் தோண்டும்போது கிடைத்தால் வேறு கதை. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மண்ணில் மறைந்திருந்து கிடைத்த பொருளின் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் என்றால் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் தண்டனை உண்டு. அரசு அதை எடுத்துக்கொள்ள முடிவு செய்தால், உலோகத்தின் மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்துக் கொடுக்கச் சட்டம் சொல்கிறது.

நம் காசுக்குக் கணக்குப் போடுவோம். வெள்ளி கிராம் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 365 ரூபாய். ஐந்தில் ஒரு பங்கு 73. மொத்தம் 438 ரூபாய். அதே காசு வெளிநாட்டில் 200 டாலருக்குப் போனால் அது பதினாறாயிரம் ரூபாய்க்கும் மேல்.

அந்த வெளிநாட்டு விலை நமக்குப் பொருந்தாது என்பதும் உண்மை. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட காசு தொல்பொருள். உரிமம் இல்லாமல் அதை விற்கும் தொழில் செய்யக்கூடாது, தனியார் யாரும் நாட்டைவிட்டு வெளியே அனுப்பவே கூடாது. காசு இங்கேயே இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கண்டெடுத்தவருக்கு உலோக விலையும் சொச்சமும் மட்டும் என்றால், கடைக்கால் தோண்டிய கூலித் தொழிலாளி ஏன் கலெக்டர் அலுவலகம் வரை நடப்பார்? தெருமுனைப் பத்தர் முந்நூறு ரூபாயை உடனே கையில் தருவார், மாலைக்குள் காசு உருகிக் கொலுசாகிவிடும். இப்படிக் கரைந்தவை எத்தனை என்று யாரும் கணக்கெடுக்க முடியாது. கண்டெடுத்தவருக்கு நல்ல தொகை தந்தால் காசும் மிஞ்சும், அது கிடந்த இடத்தின் விவரமும் மிஞ்சும்.

கடலூர்க் கரையில் கிடைத்தால்

இடத்தின் விவரம் ஏன் முக்கியம் என்பதற்குக் கடலூரே நல்ல உதாரணம். வடக்கே சுமார் 20 கிலோமீட்டரில் அரிக்கமேடு. 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டி இத்தாலிய மட்கலங்களைக் கண்டெடுத்தார். தெற்கே உப்பனாற்றங்கரையில், இன்றைய சிப்காட் ஆலைகளுக்குப் பக்கத்தில், காரைக்காடு. அங்கே அகழாய்வில் மணிகளும், மது வந்த ஆம்போரா சாடிகளின் ஓடுகளும் கிடைத்தன. பெண்ணையாற்றின் மேற்பகுதியில் திருக்கோவிலூர் ஆற்றுப்படுகை மலையமான் மன்னர்களின் காசுகளுக்குப் பேர்போனது. அந்த வட்டாரத்துச் சோரியப்பட்டில் ரோமப் பொற்காசுப் புதையலே கிடைத்தது. கொள்ளிடத்தைத் தாண்டினால் பூம்புகார். இத்தனைக்கும் நடுவே கடலூரும் சிதம்பரமும்.

ஆனால் ரோம வெள்ளிப் புதையல்களின் வரைபடத்தைப் பார்த்தால் பெரும்பகுதி கொங்குநாட்டில் குவிந்திருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்குக் கடற்கரையிலிருந்து வந்த பெருவழியும், படியூர்ப் பச்சைக்கல்லும், கொடுமணல் பட்டறைகளும் அங்கே இருந்ததால் இது வியப்பில்லை. கிழக்குக் கரை சாடிகளின் ஓடுகளை நிறையத் தருகிறது, வெள்ளியை அவ்வளவாகத் தருவதில்லை. இந்தக் கரை வணிகர்கள் ரோம வெள்ளியில் கொடுக்கல் வாங்கல் செய்தார்களா, சரக்குக்குச் சரக்கு மாற்றினார்களா, வாங்கிய வெள்ளியை உடனே உருக்கினார்களா? கோயம்புத்தூரில் இன்னும் நூறு திபேரியஸ் காசு கிடைத்தாலும் இதற்குப் பதில் வராது. காரைக்காட்டிலோ பெண்ணையாற்று முகத்துவாரத்திலோ இடமும் ஆழமும் குறிக்கப்பட்ட ஒன்று கிடைத்தால் பேச்சே மாறும்.

ஆகவே காசு கையில் சிக்கியதும் அதைத் துடைப்பதற்கு முன், கிடந்த குழியைக் கைபேசியில் படமெடுங்கள், பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து. எத்தனை அடி ஆழம், கூடவே பானை ஓடு இருந்ததா, சாம்பல் இருந்ததா என்று தேதியோடு எழுதுங்கள். அந்த ஓடுகளையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், காசைவிட அவைதான் பல நேரம் காலத்தைச் சொல்லும். காசைப் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டாமல், காய்ந்த காகிதத்தில் தளர்வாகச் சுற்றி எடுத்துக்கொண்டு போங்கள். சிதம்பரம் பக்கம் என்றால் தாசில்தார் அலுவலகம், கடலூர் என்றால் கலெக்டர் அலுவலகம். மனுவில் கிடைத்த இடத்தின் சர்வே எண்ணையும் சேர்த்து எழுதி, ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். கடலூர் அரசு அருங்காட்சியகத்துக்கும் ஒரு நகல் கொடுங்கள்.